‘ட்ரூ கோலிங்’: இறந்தவர் கேட்டால் திரும்பும் நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில், ஞாயிறு மாலைக்கு இரண்டு அத்தியாயம் என்ற கணக்கில், 13 வாரங்களாக ‘ட்ரூ கோலிங்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை அயலவர்களோடு சேர்ந்து பார்த்து முடித்தோம். என்னிடம் ஆங்கிலம் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களின் காதைப் பழக்குவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த பெற்றோர் வாசலில் நின்று பார்த்தார்கள், பிறகு கதிரை கேட்டார்கள், மூன்றாம் வாரத்தில் தேநீரும் சேர்ந்துகொண்டது. வசனங்களை அவ்வப்போது தமிழில் சொல்வது என் வேலை என்பதால், கேள்விகள் எல்லாம் என்னிடமே வந்தன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை இங்கே தருகிறேன். முதல் ஐந்து கேள்விகளில் கதையின் முடிச்சு எதுவும் அவிழாது; தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இத்தொடர் எதைப் பற்றியது?

ட்ரூ டேவீஸ் 22 வயதுப் பெண். பட்டப்படிப்பை முடித்துவிட்டு மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இருப்பவள். எதிர்பார்த்திருந்த வைத்தியசாலைப் பயிற்சி இடம் கைநழுவிப் போகவே, நகரப் பிரேத அறையில் இரவு வேலைக்குச் சேர்கிறாள். சேர்ந்த புதிதிலேயே, சுடப்பட்டு இறந்து அங்கே கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் உடல் கண்ணைத் திறந்து, ட்ரூவின் பக்கம் முகத்தைத் திருப்பி, தனக்கு உதவும்படி கேட்கிறது. மறுகணம் காட்சிகள் பின்னோக்கி ஓட, ட்ரூ தன் கட்டிலில் விழிக்கிறாள். விடிந்திருப்பது புது நாள் அல்ல, அவள் ஏற்கெனவே வாழ்ந்து முடித்த அதே நாள். பிரேத அறையில் கிடந்தவள் இப்போது நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் உயிரோடு நடமாடுகிறாள். இரவு வருவதற்குள் அவளைக் கண்டுபிடித்துச் சாவைத் தடுக்க வேண்டும்.

பெரும்பாலான அத்தியாயங்கள் இந்த ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தொடக்கத்தில் நாள் ஒருமுறை கடந்துபோகிறது. அப்போது உறவினருடனான ஒரு மனத்தாங்கல், தம்பி கேட்ட காசு, தோழி சொன்ன ஒரு சொல் என்று பெரிதாகத் தோன்றாத விடயங்கள் வந்துபோகும். நாள் திரும்பியதும் அவை ஒவ்வொன்றும் மறுபடி வருகின்றன. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒருத்தியாக ட்ரூ அவற்றுக்கு நடுவே நடக்கிறாள். கொலையாளி யார் என்ற துப்பறியும் பகுதியைவிட, இந்தச் சில்லறை விடயங்களை அவள் இரண்டாம் முறை எப்படிக் கையாளுகிறாள் என்று பார்ப்பதில்தான் எங்கள் விறாந்தைக்கு உண்மையான சுவை இருந்தது.

ஐந்தாம் வாரம், நாள் பின்னோக்கி ஓடத் தொடங்கிய அதே நொடியில் மின்சாரம் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும், விட்ட இடம் பிடிபடாமல் அத்தியாயத்தை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாருக்கும் தொடரின் விதியை விளக்கத் தேவைப்படவில்லை.

தலைப்பின் பொருள் என்ன?

‘ட்ரூ’ என்பது நாயகியின் பெயர். ‘உண்மையான’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அதே ஒலியுடையது. ‘கோலிங்’ என்றால் அழைத்தல். ஒருவருக்கென்றே அமைந்த வாழ்க்கைப் பணியையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிப்பார்கள். ஆகவே ட்ரூவை அழைக்கும் இறந்தவர்கள், ட்ரூவுக்கென்று வாய்த்த பணி ஆகிய இரண்டும் அந்த இரு சொற்களில் அடங்கியிருக்கின்றன. தமிழில் ஒரு சொல்லால் இதைப் பிடிக்க முயன்று தோற்றேன். ‘அழைப்பு’ என்று போட்டால் கலியாண அழைப்பிதழ் போலத் தொனிக்கிறது.

எப்போது வந்தது? யார் நடித்தார்கள்?

பொக்ஸ் தொலைக்காட்சியில் 2003 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கியது. முதல் பருவத்தில் 20 அத்தியாயங்கள், இரண்டாம் பருவத்தில் 6. உருவாக்கியவர் ஜோன் ஹார்மன் ஃபெல்ட்மன். முதல் அத்தியாயத்தை இயக்கியவர் திரைப்பட இயக்குநர் பிலிப் நொய்ஸ். கதை நடக்கும் நகரத்துக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை. படப்பிடிப்பு நடந்தது கனடாவின் வான்கூவரில்.

ட்ரூவாக நடிப்பவர் எலைசா டுஷ்கு. அதற்கு முன்பு ‘பஃபி’ தொடரில் ஃபெய்த் என்ற பாத்திரத்தில் பெயர் பெற்றவர். அந்தப் பாத்திரத்தை வைத்தே தனித் தொடர் எடுக்க வந்த யோசனையை மறுத்துவிட்டு இதற்கு வந்தார். பிரேத அறைப் பொறுப்பாளர் டேவிஸாக வரும் தாடிக்காரர் ஸக் கலிஃபியனாகிஸ். பிற்காலத்தில் நகைச்சுவைப் படங்களில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு, கூச்சமும் பரிவும் கலந்து இங்கே அடங்கி நடித்திருப்பவர் அதே மனிதர்தானா என்று வியப்பாக இருக்கும். தம்பி ஹரிசனாக ஷோன் ரீவ்ஸ், காதலன் லூக்காக மெட் போமர், தோழி லின்ட்சியாக ஏ. ஜே. குக் நடித்திருக்கிறார்கள்.

நாயகியின் குடும்பப் பெயர் டேவீஸ், பொறுப்பாளரின் பெயர் டேவிஸ் என்பதால் இருவரும் உறவினரா என்று பலர் கேட்டார்கள். உறவில்லை. ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் இந்தச் சிக்கல்.

நாள் திரும்புவதற்கு ஏதும் ஒழுங்கு உண்டா, அல்லது கதாசிரியரின் வசதிப்படி நடக்கிறதா?

ஒழுங்கு உண்டு, அதைப் பெரும்பாலும் மீறுவதும் இல்லை. இறந்தவர் கேட்டால் மட்டுமே நாள் திரும்பும். ட்ரூவுக்கு யார்மேல் எவ்வளவு இரக்கம் வந்தாலும், அவள் எவ்வளவு கெஞ்சினாலும், உடல் வாய் திறக்காவிட்டால் எதுவும் நடக்காது. திரும்பும் தூரம் அந்த ஒரு நாள்தான். நேற்றுக்கோ போன வருடத்துக்கோ போக முடியாது. முன்பு நடந்தது அவளுக்கு மட்டும் நினைவிருக்கும். ஒருவர் சாவைத் தடுத்த கையோடு இன்னொருவர் ஆபத்தில் மாட்டலாம். ஓர் அத்தியாயத்தில் ஒரே நாள் பல முறை திரும்பி அவளை அலைக்கழிக்கிறது. வழமையாக ஒரு வாய்ப்புதான்.

இவற்றுள் முதல் விதியைத் தொடரின் ஆணிவேர் என்று நான் நினைக்கிறேன். இப்படியொரு சக்தி ஒருவருக்குக் கிடைத்தால், வேண்டிய நாளுக்கு வேண்டியபோது போய்வரும் வகையில் அதைப் படைப்பதுதான் எளிது. இங்கே சக்தி ட்ரூவிடம் இருந்தாலும் அதன் திறப்பு இறந்தவரின் வாயில் இருக்கிறது. அவளால் செய்யக்கூடியது காது கொடுப்பது மட்டுமே. பின்வரும் பதில்களில் பல இந்த விதியையே சுற்றி வருவதால் இதை இங்கே சற்று அழுத்திச் சொல்கிறேன்.

ஓர் இளம்பெண் பிரேத அறையில் இரவில் தனியாக வேலை செய்வது நடக்கக்கூடியதா?

இக்கேள்வியைக் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. வைத்தியசாலையொன்றில் சிற்றூழியராக இருந்து ஓய்வுபெற்ற அயல்வீட்டு ஐயா ஒருவர் சொன்னார். பணிக்காலத்தின் பெரும் பகுதியைப் பிரேத அறையோடு கழித்தவர் அவர். தொடரில் வருவதுபோல் நீல ஒளியும் பளபளக்கும் இரும்பு இழுப்பறைகளும் தான் கண்டதில்லை என்றார். இங்கே நடைமுறையும் வேறு. திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ விசாரணை நடத்த வேண்டும். உறவினர் ஒருவர் வந்து உடலை அடையாளம் காட்ட வேண்டும். கட்டளை கிடைத்தால் சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். அதன் பிறகே உடல் கையளிக்கப்படும். இவ்வளவு பேர் வந்துபோகும் இடத்தில் ட்ரூவைப் போல ஒருத்தி தனியே நின்று உடலோடு பேசிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு அவர் சொன்ன ஒன்று, தொடரைப் பற்றி நான் கேட்ட எல்லாக் கருத்துகளையும்விடப் பெரிதாக எனக்குப் பட்டது. “உள்ளே கிடக்கிறவர்கள் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, சேர். கேட்கிறவர்கள் எல்லாம் வெளியில்தான் நிற்பார்கள். ‘கடைசியாக ஏதாவது சொன்னாரா?’ என்று கேட்பார்கள். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார்கள்.” என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன். முகம் அமைதியாக இருந்தது என்று சொல்வாராம். எல்லாருக்கும் அதே பதிலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜாக் யார்? அவன் கெட்டவனா?

இனி வருபவை முடிச்சுகளை அவிழ்ப்பவை.

முதல் பருவத்தின் பிற்பகுதியில், ஜேசன் பிறீஸ்ட்லி நடிக்கும் ஜாக் ஹார்ப்பர் பிரேத அறைக்கு வேலைக்கு வருகிறான். நாள் திரும்பும்போது ட்ரூவைப் போலவே அவனும் அதை நினைவில் வைத்திருக்கிறான் என்பது பிறகு தெரியவருகிறது. ஆனால் அவன் பணி நேர் எதிரானது. சாக வேண்டியவர் செத்தே ஆக வேண்டும், அதைத் தடுப்பது உலகத்தின் ஒழுங்கைக் குலைப்பதாகும் என்பது அவன் நிலைப்பாடு. ட்ரூ ஒருவரைத் தெருவின் இந்தப் பக்கம் இழுத்தால், ஜாக் அவரை அந்தப் பக்கம் தள்ளப் பார்க்கிறான். ஜாக் ஒருமுறை செத்துப் பிழைத்தவன். தன்னளவில் எதற்கு வெளியே நிற்கிறானோ அதற்கே காவலாளியாக இருக்கிறான்.

மாணவர்கள் அவனை வில்லன் என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். பெரியவர்கள் அப்படி முடிக்கவில்லை. யமனைப் பார்த்து யாரும் கெட்டவன் என்று சொல்வதில்லை, யமதர்மன் என்றே சொல்கிறோம் என்றார் ஒருவர். அந்தக் கோணத்தில் ஜாக்கின் வாதம் முழுப் பொய்யும் அல்ல. ட்ரூ காப்பாற்றும் ஒவ்வொருவருக்கும் விலை இருக்கிறது, அதை யார் கொடுப்பது என்று அவள் தெரிவு செய்வதில்லை. ஆனாலும் ஜாக்கை யமனோடு ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை. யமன் சாவதை வேடிக்கை பார்ப்பதில்லை, வெற்றிச் சிரிப்பும் சிரிப்பதில்லை. ஜாக் இரண்டையும் செய்கிறான். பிறீஸ்ட்லியின் நடிப்பில் அந்த இலேசான புன்னகை வரும்போதெல்லாம், விறாந்தையின் பின்வரிசையில் யாராவது ஒருவர் பல்லைக் கடிப்பது கேட்கும்.

லூக் இறந்தபோது ஏன் நாள் திரும்பவில்லை?

அவன் கேட்கவில்லை, காரணம் அவ்வளவுதான். முதல் பருவத்தின் இறுதியில் லூக் இறக்கிறான். ட்ரூ அவன் உடலருகே நிற்கிறாள், காத்திருக்கிறாள், அவன் வாய் திறக்கவே இல்லை. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அவளை அழைத்திருக்க, அவள் நேசித்தவன் மௌனமாகக் கிடக்கிறான். ஏன் என்பதற்குத் தொடர் விளக்கம் தரவில்லை. தராமல் விட்டதே நல்லது என்பேன். ஏதாவது காரணம் சொல்லியிருந்தால், பிரேத அறை ஐயாவிடம் கேட்ட அந்த மனிதர்களின் கேள்விக்கும் ஒரு பதில் இருப்பதாகப் பொய் சொன்னது போலாகியிருக்கும்.

ட்ரூவின் தாய்க்கு என்ன நடந்தது?

தாய் எலிஸ் கொல்லப்பட்டபோது ட்ரூவுக்கு 12 வயது. கண்முன்னால் நடந்த கொலை. தாய்க்கும் இதே ஆற்றல் இருந்தது என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. முதல் பருவம் முடியும்போது இன்னொன்றும் தெரிகிறது. ஜாக்கின் பின்னால் நிற்பவர் ட்ரூவின் தந்தை ரிச்சர்ட். ஜாக் ட்ரூவுக்கு எப்படியோ, அப்படியே அவர் எலிஸுக்கு எதிர்த்தரப்பாக இருந்திருக்கிறார்.

பலரைக் காப்பாற்றும் ஒருத்திக்குத் தன் தாயைக் காப்பாற்ற முடியாமல் போனது என்ற இந்தப் பகுதியைப் பார்த்தபோது, எங்கள் மாணவி ஒருத்தி இராவணனை நினைவூட்டினாள். திருகோணமலையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த ஐதிகம் தெரியும். தாயின் வழிபாட்டுக்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்க முனைந்து வாளால் வெட்டிய பிளவுதான் சுவாமி மலையில் உள்ள இராவணன் வெட்டு. அந்தத் தாய் இறந்தபின் அவளுக்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி அவன் உண்டாக்கியவைதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும். மலையை அசைக்கும் வலிமை இருந்தவனுக்கும் தாய் விடயத்தில் மிஞ்சியது அந்தியேட்டிதான். ட்ரூவுக்கும் இராவணனுக்கும் முடிச்சுப் போடுவது சற்று அதிகம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நம் கதைகளில் இறந்தவர் மீளும் இடங்களோடு இதை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஒப்பிட்டால் வேறுபாடுதான் பளிச்சென்று தெரிகிறது. நம் கோணமலையைப் பாடிய திருஞானசம்பந்தர், மயிலாப்பூரில் பாம்பு கடித்து இறந்த பூம்பாவையை அவள் எலும்பிருந்த குடத்தின் முன் பதிகம் பாடி எழுப்பினார் என்பது பெரியபுராண வரலாறு. அப்பர் அப்பூதியடிகளின் மகனை எழுப்பினார். சுந்தரர் அவினாசியில் செய்ததுதான் இங்கே எனக்கு மிகவும் வேண்டியது. ஒரு வீட்டில் மகனுக்குப் பூணூல் கலியாணம் நடக்கிறது, எதிர்வீட்டில் அழுகை கேட்கிறது. விசாரித்தால், இரண்டு சிறுவர்கள் ஒன்றாகக் குளத்துக்குப் போனதும், ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இன்று பூணூல் என்பதும் தெரியவருகிறது. சுந்தரர் பாடுகிறார், முதலை அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து உமிழ்கிறது. விழுங்கிய வயதில் அல்ல, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு.

அங்கே காலம் ஒரு நொடிகூடப் பின்னால் போகவில்லை. தாய் அழுத ஆண்டுகள் அழுதவையாகவே இருக்கின்றன. பிள்ளைக்குரிய ஆண்டுகள் பிள்ளைக்குக் கொடுக்கப்படுகின்றன. ‘ட்ரூ கோலிங்’கில் பிழைத்தவருக்கோ தான் செத்ததே தெரியாது. அவர் வீட்டார் அழுத அழுகை நடக்காததாகிவிடுகிறது. நன்றி சொல்லவும் யாரும் இல்லை, ஏனென்றால் எதற்கு நன்றி என்று யாருக்கும் தெரியாது. நடந்து அழிந்த அந்த நாளின் ஒரே சாட்சியாக ட்ரூ மட்டும் மிஞ்சுகிறாள். நாயன்மார் கதைகளில் ஊர் கூடிப் பார்க்கும். ட்ரூவின் அற்புதங்களுக்குப் பார்வையாளரே கிடையாது. அதனால்தான் டேவிஸிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லும் காட்சிகள், பெரிய சண்டைகளைவிட மனதில் நிற்கின்றன.

‘மாநாடு’ படமும் இதுவும் ஒன்றா?

இல்லை. வெங்கட் பிரபு இயக்கி 2021இல் வந்த ‘மாநாடு’ படத்தில் சிலம்பரசனின் பாத்திரம் சாகும் ஒவ்வொரு முறையும் அவன் நாள் தொடக்கத்துக்குத் திரும்புகிறான், எஸ். ஜே. சூர்யாவின் பாத்திரத்துக்கும் அது நினைவிருக்கத் தொடங்கியதும் ஆட்டம் சூடுபிடிக்கிறது. நினைவுள்ள இருவர் ஒரே நாளுக்குள் மோதுவது என்ற அளவில் ட்ரூவும் ஜாக்கும் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. ஆனால் அங்கே நாளைத் திருப்புவது நாயகனின் சொந்தச் சாவு. எத்தனை முறை வேண்டுமானாலும் செத்துத் திரும்பிப் பிழை திருத்தலாம். இங்கே திருப்புவது அடுத்தவரின் குரல், அதுவும் பெரும்பாலும் ஒரே தடவை.

2004 டிசம்பர் 26 அன்று ட்ரூவைப் போல ஒருவர் இங்கே இருந்திருந்தால்?

இக்கேள்வி முதல் வாரமே வரும் என்று எதிர்பார்த்தேன்; ஒன்பதாம் வாரம்தான் வந்தது. கேட்டவர் திருக்கடலூரைச் சேர்ந்த மாமி.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறையும்கூட. சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தபோது நம் நேரம் காலை 6.58. அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ‘சுனாமி’ என்ற சொல்லே நம்மில் பெரும்பாலானோர் அறியாதது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது அடுத்த ஆண்டு, 2005இல்.

இனி, அந்த நாளை ஏற்கெனவே வாழ்ந்துவிட்ட ஒருத்தி ஆறு மணிக்கு விழித்து எழுந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கடற்கரை வீதியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி என்ன சொல்லுவாள்? ‘கடல் வரப்போகிறது’ என்பாள். அன்று உண்மையாகவே அப்படிக் கத்திக்கொண்டு ஓடிவந்தவர்கள் இருந்தார்கள், நானே என் காதால் கேட்டேன். ‘கடல் எங்கே வரும்?’ என்று வாசலில் நின்று திருப்பிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். கடல் இருந்த இடத்திலேதான் இருக்கும் என்பதில் அவ்வளவு நிச்சயம் எங்களுக்கு. என் பெரியம்மா அந்தக் கூச்சலைக் கேட்டு மற்றவர்களோடு வெளியே வந்துவிட்டார். ஒழுங்கையின் பாதிவரை வந்தவர், அடுப்பில் புட்டு அவிகிறது, தண்ணீர் வற்றினால் பானை அடிப்பிடித்துவிடும், இறக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார்.

தொடரில் ட்ரூவின் மிகப் பெரிய தடை கொலையாளி அல்ல, இந்த அடுப்புதான் என்பதை அந்த ஞாயிறு மாலை மாமிக்குச் சொன்னேன். அவள் எச்சரிக்கும் மனிதர்கள் யாரும் மூடர்கள் அல்லர். அவர்களுக்கு அன்றைக்கென்று வேலை இருக்கிறது, சந்திக்க ஆள் இருக்கிறார், முடிக்க வேண்டிய சண்டை இருக்கிறது. இன்றிரவு நீ சாகப்போகிறாய் என்று நேரே சொன்னால் விசரி என்று கதவைச் சாத்துவார்கள் என்பதால், அவள் பொய் சொல்லுகிறாள், பாதை மறிக்கிறாள், வேறு யாரோபோல் நடித்து அருகே நிற்கிறாள். ஒருவர் விடயத்திலேயே இவ்வளவு பாடு. ஒரு கரை முழுவதற்கும் என்றால் தொடரின் அச்சு தாங்காது. அது ஒருவர் சாவுக்கென்று அளந்து செய்யப்பட்டது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பானையை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டிருப்பாள் என்று மட்டும் சொன்னார். சற்று நேரம் கழித்துத்தான் ‘அவள்’ என்றது ட்ரூவை என்று எனக்கு விளங்கியது.

உடலே கிடைக்காதவர்கள்?

தொடரில் இதற்கு இடமில்லை. கேட்பதற்கு வாய் வேண்டும், வாய்க்கு உடல் வேண்டும், உடல் பிரேத அறைக்கு வர வேண்டும். அமெரிக்க நகரமொன்றில் இறந்தவர் எல்லாரும் இரவுக்குள் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் இக்கதை எழுந்து நிற்கிறது. கடல் கொண்டுபோனவர்களும், போர்க்காலத்தில் வீட்டை விட்டுப் போய் இன்றுவரை என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களும் உள்ள ஊரிலிருந்து பார்க்கும்போது, தொடரின் பயங்கரமான காட்சியே ஒரு வசதியாகத் தெரிகிறது. பெரியம்மாவுக்குத் தர்ப்பையால் உருவம் செய்துதான் நாங்கள் கிரியை முடித்தோம். அது எதையும் கேட்காது.

இதைத் தொடரின் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கதை தன் ஊரின் சாவைத்தான் எழுத முடியும்.

பிள்ளைகள் பார்க்கலாமா?

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம். இரத்தம் குறைவு, காயங்கள், போதைப்பொருள், கொலைகள் உண்டு. உடல் கண் திறக்கும் நொடியில் சின்னவர்கள் பயந்தார்கள், நாலாவது தடவைக்குப் பிறகு தாங்களே முந்திக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

தொடரின் பலவீனங்கள்?

முதல் பருவத்தின் முன்பாதியில் அச்சு அப்படியே தெரியும்படி வார்த்த அத்தியாயங்கள் பல. ஜாக் வரும்வரை பொறுமை வேண்டும். போதைப்பழக்கத்தோடு போராடும் அக்கா மெரடித் தொடக்கத்தில் முக்கியமானவளாகத் தோன்றிப் பிறகு காணாமற்போகிறாள். இரண்டாம் பருவத்தில் லின்ட்சியும் இல்லை. ட்ரூ மருத்துவக் கல்லூரிக்குப் போவதும் அங்கே புது நண்பர்கள் வருவதுமாக, பாதிக் கதை புதிதாகத் தொடங்குகிறது. டேவிஸோடு நெருங்கும் மனநல மருத்துவர் கெரி உண்மையில் ஜாக்கின் பக்கம் வேலை செய்கிறாள் என்ற திருப்பம் நன்றாக ஊன்றப்பட்ட விதை. முளைப்பதற்குள் தொடரே நின்றுவிட்டது.

ஏன் நின்றது? முடிவு உண்டா?

இரண்டாம் பருவம் முழுமையாக எடுக்கப்படாமல் 6 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. 2005 மார்ச் 31 அன்று ஒளிபரப்பு தொடங்கி அடுத்த மாதமே முடிந்தது. நத்தாருக்கு முந்திய இரவை வைத்து எடுத்த ஆறாவது அத்தியாயம் அப்போது காட்டப்படவில்லை, டிவிடியில்தான் வந்தது. ஆகவே முடிவு என்று எதுவும் இல்லை. ட்ரூவும் தந்தையும் நேருக்கு நேர் நின்று கணக்குத் தீர்க்கும் காட்சி எடுக்கப்படவே இல்லை.

பதின்மூன்றாம் வாரம் கடைசிப் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும் இதைச் சொன்னேன். மாணவர்கள் ஏமாந்து எழுந்து செருப்புத் தேடினார்கள். பிரேத அறை ஐயா, பரவாயில்லை சேர், எங்கள் வேலையிலும் முடிவு தெரியவராது, உடலைக் கையளித்ததோடு சரி என்றார். திருக்கடலூர் மாமி மட்டும் கதிரையை விட்டு எழவில்லை. நேரம் இருந்தால் முதலாவதை இன்னொருமுறை போடும்படி கேட்டார்.